கருவறை வாசலில் காத்திருப்பவர்கள்



பூசாரி என்றாலே ஒரே சாதி என்று பலர் நினைக்கிறார்கள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் பருவதராஜ குலத்தார்தான் தலைமுறைகளாகப் பூசை செய்கிறார்கள். பல ஊர்களில் அய்யனாருக்கு மண்குதிரை வனையும் வேளாரே பூசாரி.

ஆகம நூல்களின் விதிப்படி பூசை நடக்கும் கோயில்களில்தான் பிற சாதியினருக்கு வாசல் அடைபடுகிறது. தமிழகம் 1970இல் அர்ச்சகர்களின் பரம்பரை உரிமையைச் சட்டத்தால் நீக்கியது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபோதும், ஆகம விதி மாறக்கூடாது என்றது. பிறகு 2006இல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற அரசாணை, அதன்பின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள். பயிற்சி முடித்தவர்களில் பலருக்கு 2021 ஆகஸ்டில்தான் பணி ஆணை கிடைத்தது. அதற்குள் அவர்களின் இளமையே கரைந்துவிட்டது. இது பெரிய அநீதி.

கேரளத்தில் 2017இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியக் கோயில்களுக்கு 36 பிராமணரல்லாதோர் அர்ச்சகர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களில் 6 பேர் தலித்துகள்.

தமிழகத்திலும் பயிற்சி பெற்ற எஞ்சியோருக்கு அறநிலையத் துறை விரைந்து பணி வழங்க வேண்டும்.