கருவியா குற்றவாளி?

தருமபுரி மாவட்டத்தில், வயிற்றில் வளர்வது ஆணா பெண்ணா என்று சட்டத்தை மீறிச் சொல்லிப் பணம் பறித்த கும்பல்கள் அண்மை ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கின்றன. கையில் தூக்கிச் செல்லும் ஸ்கேன் கருவி; ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு வீடு; ஆள் பிடித்துத் தரத் தரகர்; பெண் என்று தெரிந்தால் கருக்கலைப்பு! கைது நடக்கிறது, கருவி பறிமுதலாகிறது, பத்திரிகையில் செய்தி வருகிறது. சில மாதம் சென்றபின் அதே செய்தி வேறோர் ஊரின் பெயரோடு வருகிறது.

“எல்லாம் விஞ்ஞானம் செய்த வினை! பாட்டி காலத்தில் இந்தப் பாவம் உண்டா?” என்று பழைமைப் பிரியர்கள் பேசக் கேட்கிறோம். அவர்களுக்கு விடையளிக்க, அந்தக் கருவி பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

உடலைத் திறக்காமல் உள்ளே நடப்பதை அறிய வேண்டும் என்பது மருத்துவத்தின் நெடுநாள் வேட்கை. 1816-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் லென்னெக், காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் காது கொடுத்தார், ஸ்டெதஸ்கோப் பிறந்தது. 1895-இல் ஜெர்மனியின் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டார், எலும்பு தெரிந்தது. ஆனால் கருவிலிருக்கும் பிஞ்சுக்கு அந்தக் கதிர் ஆகாது. என்ன செய்வது?

வழி காட்டியது ஒரு தொழிற்சாலை! பாய்லர் செய்யும் பட்டறைகளில், இரும்புத் தகட்டுக்குள் மறைந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க, காதுக்கு எட்டாத ஒலியைச் செலுத்தி அதன் எதிரொலியைப் பார்க்கும் கருவி இருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவை செய்து எடுத்த கட்டிகளை 1955-இல் பாய்லர் தொழிற்சாலைக்கே கொண்டுபோய்ச் சோதித்தார். இரும்பின் விரிசலைக் காட்டிய ஒலி, சதையின் கட்டியையும் காட்டிற்று! டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் கைகொடுக்க, 1958-இல் அவர்களுடைய ஆய்வு மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. தோழர்களே, பாட்டாளியின் பட்டறையிலிருந்து பேறுகால அறைக்கு வந்த கருவி அது!

அது எதற்கு வந்தது? நஞ்சு கர்ப்பவாயை அடைத்துக்கொண்டிருந்தால், பேறு நேரத்தில் தாய் உதிரம் கொட்டிச் சாவாள். கரு குழாயில் தங்கிவிட்டால், வெடித்து உயிரைக் குடிக்கும். இவற்றை முன்கூட்டியே அறிந்து தாயைக் காக்க வந்தது. சித்தேரி மலையிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் இறங்கிவரும் கர்ப்பிணிக்கு, எந்த மருத்துவமனையில் எந்த நாளில் சேர வேண்டும் என்று முன்னரே சொல்லும் நண்பன் அந்தக் கருவி. அதையா குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

பாட்டி காலத்தில் பாவம் இல்லையா? ஸ்கேன் எட்டிப்பார்க்காத குடிசைகளிலே கள்ளிப்பால் இருந்ததே! பிறந்த பெண் சிசுவின் வாயில் அதை ஊற்றிய கொடுமையால்தானே 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிற்று. 2001-இல் தருமபுரிக்கும் அது வந்தது? கள்ளிச் செடியை வளர்த்தது எந்த விஞ்ஞானம்?

2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில், ஆயிரம் ஆணுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண். இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் 826! 2011-இல் அந்த எண் 900-ஐத் தாண்டியது. கிராமச் செவிலியர் வீடு வீடாகச் சென்றனர், சட்டம் விழித்தது, பெண் கல்வி பரவியது. மாறாது என்று கைவிரிக்கப்பட்ட மாவட்டம் மாறிக் காட்டியது. அந்த மாற்றத்தைத்தான் இந்தக் கும்பல்கள் கரண்டுகின்றன.

சட்டம் இருக்கிறது. 1994-இல் நாடாளுமன்றம் இயற்றி, 1996-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் இறுக்கப்பட்ட சட்டம். ஸ்கேன் நிலையம் ஒவ்வொன்றும் பதிவு பெற வேண்டும். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் படிவம் எழுத வேண்டும். பாலினம் சொன்னால் முதல் குற்றத்திற்கே மூன்றாண்டுச் சிறை வரை உண்டு. நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால் அது கருவியைப் பூட்டும் சட்டம். நாளைய கருவியோ பூட்டுக்குள் அடங்க மறுக்கிறது!

ஓர் அறையை அடைத்து நின்ற ஸ்கேன், இன்று செல்பேசியோடு இணைத்துப் பார்க்கும் கைக்கருவியாகிவிட்டது. படத்தைப் படித்துச் சொல்லக் கணினியே கற்றுக்கொண்டு வருகிறது. வல்லுநர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது வரம். போலி மருத்துவன் கையில் அதுவே கத்தி. 1997-இல் டெனிஸ் லோவும் அவருடைய குழுவினரும், தாயின் இரத்தத்தில் கருவின் மரபணுத் துணுக்குகள் மிதப்பதைக் கண்டறிந்தனர். குறைபாடுகளை அறிய உதவும் அந்தச் சோதனை, பத்து வாரத்திலேயே பாலினத்தையும் காட்டவல்லது. கருவியைப் பூட்டலாம், ஒரு குழாய் இரத்தத்திற்கு எங்கே பூட்டுப் போடுவது?

ஆகவேதான் சொல்கிறோம்: பூட்டு வேண்டியது மட்டும் போதாது, நோயின் வேரைத் தோண்ட வேண்டும். மகள் என்றால் செலவு, மகன் என்றால் வரவு என்று கணக்குப் போடும் வீட்டில்தான் தரகனுக்குக் கதவு திறக்கிறது. 1961-லேயே தடை செய்யப்பட்ட வரதட்சணை, ‘சீர்’ என்ற பெயரில் சிரித்துக்கொண்டு வருகிறது. பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 60 ஆண்டு கழித்து, 1989-இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. ஆனால் இன்றும், திருமணமான மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பும் வீடுகள் எத்தனை? மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, பத்திர அலுவலகத்தில் தங்கையின் பங்கைத் தின்பவன் எந்தக் கட்சிக் கரை வேட்டி கட்டினால் என்ன? அவனும் அந்தத் தரகனுக்குத் துணை போகிறவன்தான்!

பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் உள்ள தோழர்களே! உங்கள் தெருவில் தரகன் நடமாடினால் காவல் நிலையத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் சொல்லுங்கள். மிரட்டப்பட்ட தாயைத் தூற்றாதீர்கள். கணவனும் உறவினரும் கட்டாயப்படுத்தியிருப்பர் என்றே சட்டமும் கொள்கிறது. சீர் கேட்கும் திருமணத்திற்குத் தலைமை தாங்க மறுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, உங்கள் வீட்டுப் பத்திரத்தில் மகளின் பெயர் இருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள்!