எண்ணிக்கையில் தோற்று ஏட்டில் நின்றவர்



சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் சென்றவர்களின் பெருமையை, அவர்கள் வென்ற தேர்தல்களைக் கொண்டே நாம் அளந்து பழகிவிட்டோம். அவையினுள் அவர் என்ன பேசினார், எந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தார் என்று கேட்பவர் குறைவு. அப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டியவர்களுள் முதன்மையானவர், கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் மர்ஹூம் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள்.

1896 ஜூன் 5-ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்து, சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்ட அப்பெருந்தகை, 1946-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நுழைந்தார். 1952 வரை அங்கே எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார். அந்த ஆறாண்டுகளுக்குள்தான் நாடு விடுதலை பெற்றது, பிரிவினையும் நேர்ந்தது. முஸ்லிம் லீகின் தலைவர்கள் பலர் எல்லை கடந்து சென்றுவிட்டனர். "இனி உங்களுக்குத் தனிக் கட்சி எதற்கு? கலைத்துவிடுங்கள்" என்ற குரல் நாற்புறமும் எழுந்தது. அந்நாளில், 1948 மார்ச் 10 அன்று, சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடி, இந்திய யூனியன் முஸ்லிம் லீகை நிறுவித் தலைமையேற்றார்.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினர். நாடு முழுமைக்கும் பொது சிவில் சட்டம் காண அரசு முயல வேண்டும் என்னும் வரைவுப் பிரிவு 35, இன்றைய அரசியல் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, 1948 நவம்பர் 23 அன்று விவாதத்திற்கு வந்தது. தமக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்தச் சமூகமும் அதனைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்றொரு திருத்தத்தை முன்மொழிந்தார். முதல் உலகப் போருக்குப்பின் செர்பிய, குரோஷிய, ஸ்லோவேனிய அரசு, தன் ஆட்சிக்குட்பட்ட முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்தைக் காப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டதை எடுத்துக்காட்டினார். சென்னையைச் சேர்ந்த போக்கர் சாகிப் முதலானோர் துணைநின்றனர்; கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்துரைத்தனர்.

திருத்தம் தோற்றது. ஆயினும் பதிலளித்த டாக்டர் அம்பேத்கர், இப்பிரிவு அரசை முயலுமாறு மட்டுமே பணிக்கிறது என்றும், பிற்கால நாடாளுமன்றம் அத்தகைய சட்டத்தை மனமுவந்து ஏற்போருக்கு மட்டுமே தொடக்கத்தில் பொருந்துமாறு செய்யக்கூடும் என்றும் கூறினார். கேள்வி எழுந்ததால்தான் அந்த விளக்கம் பிறந்தது. 2024-இல் உத்தராகண்ட் சட்டமன்றம் பொது சிவில் சட்டத்தை நிறைவேற்றியது. அதனைப்பற்றி வாதிடும் இருதரப்பினரும் திரும்பிப் பார்க்க வேண்டிய ஏடு அந்த நாளின் ஏடே.

1949 மே மாதம் தனித்தொகுதி முறை நீடிக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே அதனை ஏற்கவில்லை. அதிலும் தோல்வியே கண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தது. இரு எழுத்துகளிலும் எழுதப்படும் இந்துஸ்தானியை ஆதரித்த அவர், தொன்மையை அளவுகோலாகக் கொண்டால் திராவிட மொழிகளே, அவற்றுள்ளும் தமிழே முன்நிற்கும் என்று அவையறிய உரைத்தார். தேவநாகரி எழுத்தில் இந்தியே வென்றது.

அடுக்கடுக்காய்த் தோல்விகள்! எனினும் சினந்து அவையை வெறுத்தாரில்லை. தோற்ற திருத்தங்களோடு இயற்றப்பட்ட அதே அரசியல் சட்டத்தின்படி, 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார். பின்னர் மலபாரின் மஞ்சேரித் தொகுதி மக்கள், தமிழராகிய அவரை 1962, 1967, 1971 என மும்முறை மக்களவைக்கு அனுப்பினர். 1967-இல் காலமும் மாறியது. தமிழகத்தில் அறிஞர் அண்ணாவின் கூட்டணியில் லீக் இடம்பெற்றது; கேரளத்தில் அமைச்சரவையிலேயே அமர்ந்தது. கலைத்துவிடச் சொல்லப்பட்ட கட்சியின் தோழமையைப் பிறர் நாடிவரும் நிலை இருபதே ஆண்டுகளில் உண்டாயிற்று.

1972 ஏப்ரல் 5 அன்று, மக்களவை உறுப்பினராக இருக்கும்போதே அவர் இறையடி சேர்ந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியுள்ளார்.

சிறுபான்மையினர் கைகளை எண்ணி அவையில் வெல்வது அரிது. ஆனால் ஆதாரத்தோடும் கண்ணியத்தோடும் சொல்லப்பட்ட சொல், அவைக்குறிப்பில் ஏறிவிட்டால் அதனை யாரும் அழிக்க முடியாது. நம் பிள்ளைகள் தலைவர்களின் பெயரை முழங்குவதோடு நின்றுவிடாமல், அவர்கள் பேசியவற்றை எடுத்துப் படிக்கவும் பழகட்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம், "அவையில் எங்களுக்காக என்ன பேசினீர்கள்?" என்று வீட்டுப் பெண்களும் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவரையே தேர்ந்தெடுப்போமாக!