தொட்டுத்தான் தேறுகிறது உடம்பு

2020இல் கொரோனா வந்தாலும் வந்தது, 'எதிர்ப்பு சக்தி' என்ற சொல் சந்தைச் சரக்காகிவிட்டது. கசாயம் விற்றவன், தேன் விற்றவன், யோகா வாத்தியார், சாமியார் எல்லார் வாயிலும் அதே பேச்சு. பாலில் மஞ்சளைக் கலந்து பாட்டிலில் அடைத்து அதையும் எதிர்ப்பு சக்தி என்றே விற்றார்கள். கூடவே இன்னொன்றும் உள்ளே நுழைந்தது. எங்கள் கிளையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சக ஊழியர் ஒருவர் என் டிபன் பாக்ஸைப் பார்த்தபடியே சொன்னார்: "கறியெல்லாம் விட்டுடுங்க சார். சாத்வீகமா சாப்பிட்டா எதிர்ப்பு சக்தி தானா வரும்." பார்ப்பனியம் இப்போது டாக்டர் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறது. தீட்டு என்று சொல்லி வந்த இடத்தில் இம்யூனிட்டி என்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அது சக்தியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது ஒரு பெரிய வேலைக்கூட்டம். தோல், மூக்குச்சளி, வயிற்று அமிலம் எல்லாம் வாசல் காவல். தாண்டி வரும் கிருமியை விழுங்குவதற்கென்றே வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு இருக்கிறது. அதில் சில, விழுங்கியதோடு நிற்காமல் கிருமியின் துணுக்கை எடுத்துப்போய் மற்றவற்றுக்குக் காட்டுகின்றன. கால்ல புண்ணு வந்தா தொடையிடுக்குல நெறி கட்டுதே, அங்கேதான் இந்தக் கூட்டம் நடக்கிறது. துணுக்கை அடையாளம் கண்ட டி அணுக்களும் பி அணுக்களும் பல்கிப் பெருகும். பி அணுவின் வழிவந்தவை ஆன்டிபாடி சுரக்கும். டி அணுவில் ஒரு வகை, கிருமி புகுந்த நம் அணுவையே தேடிக் கொல்லும். புதுக் கிருமி என்றால் இதற்கெல்லாம் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். முடிந்த பின்னும் சில அணுக்கள் அதை நினைவில் வைத்து வருசக்கணக்கில் காத்திருக்கும். மறுதடவை அதே கிருமி வந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

இதைக் 'கூட்டணும்' என்கிறார்களே, எதைக் கூட்டுவது? அளவு மீறினால் இதே படை நம் மூட்டையே அரிக்கும், ஆஸ்துமாவாக இழுக்கும். கொரோனாவில் மூச்சுத் திணறிச் செத்தவர்களில் பலரைச் சாய்த்தது கிருமி மட்டுமல்ல, கட்டுமீறிப்போன இந்தச் சண்டையும்தான்.

அந்த நினைவு, தொட்டதால் வருவது. 1796இல் எட்வர்ட் ஜென்னர் பால் கறக்கும் ஒரு பெண்ணின் கைப்புண்ணிலிருந்து மாட்டம்மை நீரை எடுத்துத் தோட்டக்காரர் மகனுக்குக் குத்தினார். வாக்சின் என்ற சொல்லே பசுவுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். (கோமாதா பக்தர்கள் கவனிக்க: மூத்திரத்தில் வரவில்லை, புண்ணில் வந்தது.) 1802இல் பம்பாயில் அம்மை குத்துவது தொடங்கியது. அன்றைக்கு ஐஸ் பெட்டி ஏது? ஒரு பிள்ளையின் கையில் குத்தி, எழும்பும் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்த வேண்டும். கைமாறிக் கைமாறித்தான் அம்மைப்பால் உயிரோடிருந்தது. மேல்சாதி வீடுகள் முரண்டு பிடித்தன, கீழ்ச்சாதிப் பிள்ளையின் உடம்பு நீர் தங்கள் பிள்ளைக்குள் போவதா என்று. மாரியம்மன் பயமும் வெள்ளைக்காரன் மேல் சந்தேகமும் எல்லாச் சனத்துக்கும் இருந்தது, அது வேறு. பிற்பாடு கன்றின் உடம்பில் அம்மைப்பால் எடுத்தார்கள். பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள். எந்தச் சாதியின் மடி ஆசாரமும் அதை ஒழிக்கவில்லை.

இன்னொரு பேச்சு இதைவிட ஆபத்தானது. கேட்கப் புகழ்வது போலவே இருக்கும். "அவங்களுது வைரம் பாஞ்ச உடம்புங்க, சாக்கடையில எறங்குனாலும் ஒண்ணும் ஆகாது." நம் ஆட்களே இதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கையுறை தராமல் இருக்க இதைவிட வசதியான தத்துவம் உண்டா? எலிக்காய்ச்சல் கிருமிக்குக் கால் வெடிப்பே வாசல். கல்குவாரித் தூசி, நுரையீரலில் கிருமியை விழுங்கும் அணுவையே கொல்கிறது. கல்லுடைக்கிறவர்களுக்கு டி.பி. அதிகம் வருவதற்கு அது ஒரு காரணம். மலக்குழியின் விசவாயுவுக்கோ உலகத்தில் எவன் உடம்பிலும் எதிர்ப்பு சக்தி கிடையாது. மலம் அள்ளும் வேலைக்குத் தடைச் சட்டம் 2013இலேயே வந்தாயிற்று. சாவு நின்றதா?

சரி, உடம்பு எதனால் தேறும்? சோற்றால். பட்டினி கிடக்கும் குழந்தைக்கு, டி அணுக்கள் பாடம் படிக்கும் தைமஸ் சுரப்பியே சுருங்கிப்போகிறது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. டி.பி. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள், பெரும்பாலோர் ஆதிவாசிகள். ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவர்களிடம் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. கசாயம் விற்ற எவனாவது இப்படி ஒரு கணக்குக் காட்டினானா?

புரதம், இரும்பு, துத்தநாகம், பி12 எல்லாம் ஒருசேர மாட்டுக்கறியில் இருக்கிறது. அதைத்தான் என் சக ஊழியர் விடச் சொல்கிறார். 2015இல் மத்தியப் பிரதேசத்தின் அன்றைய முதல்வர் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை தர மறுத்தார். அந்தப் பிள்ளைகளின் தைமஸ் சுரப்பியிடம் போய்ச் சொல்லட்டும் சாத்வீகத்தை.

நம்ம ஆளுங்ககிட்டயும் பேச வேண்டியது இருக்கு. பீடி நுரையீரலின் காவலைக் கெடுக்குது, குடி எல்லாத்தையும் கெடுக்குது, சர்க்கரையைக் கவனிக்காம விட்டா புண்ணு ஆறாது. விடியக்காலம் மூணு மணிக்குத் தெருக்கூட்ட எழுப்பிவிடுற வேலையில எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு எங்க போறது என்று கேட்பீர்கள். நியாயம்தான், அதையும் சங்கத்தில்தான் பேச வேண்டும். துப்புரவுத் தொழிலாளிக்கு மஞ்சள்காமாலை பி ஊசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ரணஜன்னி ஊசி தனி. பூட்சும் கையுறையும் கிழிந்ததும் மாற்றித் தர வேண்டும். காண்ட்ராக்ட் ஆளுக்கும் இதெல்லாம் உண்டு என்று நகராட்சியிடம் எழுத்தில், முத்திரையோடு, தேதி போட்டு வாங்குங்கள்.