வீணை வாங்குவோர் கவனத்துக்கு
பிள்ளைக்கு வீணை வாங்க, "ஆன்லைனில் எது மலிவு?" என்று கேட்காதீர்கள். தஞ்சாவூருக்குப் போய், செய்பவரிடமே வாங்குங்கள். ஒரே மரத்தில் குடைந்ததா, ஒட்டு வீணையா என்று நேரில் பார்த்துக் கேளுங்கள்.

பலா மரத்தைக் குடைந்து, 24 மெட்டுகளை மெழுகில் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டுச் சுருதி சேர்க்கிறார்கள். நாளடைவில் மெழுகு இளகும், சுருதி விலகும். அன்று மறுபடி மேளம் கட்டித் தர அந்தக் கைதான் வேண்டும். பெட்டியில் அனுப்பிய கடை வராது.

2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது; பெருமைதான். ஆனால் குறியீடு சோறு போடாது. கைப்பேசிக்குச் சொன்ன விலையை வாய்திறக்காமல் கொடுக்கிறோம். உளி பிடித்தவரிடம் மட்டும் ஏன் பேரம்? அவர் பிள்ளை உளியைக் கீழே வைத்துவிட்டால், நம் பேரப்பிள்ளைகள் வீணையைச் சரஸ்வதி படத்தில்தான் பார்ப்பார்கள்.