டிக்கியைத் திறந்து பார்த்தால் போதுமா?

தலைநகர் தில்லியில் வசிப்பவர் எவரும் சோதனைக்கு உள்ளாகாமல் ஒரு நாளைக் கழிப்பது அரிது. மெட்ரோ ரயில் நிலையத்தில் ஒரு முறை, அலுவலக வாயிலில் ஒரு முறை, மாலையில் வணிக வளாகத்துக்குச் சென்றால் மற்றொரு முறை. காரில் வந்தால் டிக்கியைத் திறந்து காட்ட வேண்டும். காவலர் எட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். பின் இருக்கையில் கிடக்கும் பெட்டி அவர் கண்ணில் படுவதேயில்லை. உலோகம் கண்டறியும் வாயிற்சட்டம் எல்லோருக்கும் ஓசை எழுப்புகிறது, எவரையும் நிறுத்துவதில்லை. இதனால் நமது உயிருக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கிறதா?

சோதனைகள் அனைத்தையும் வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் விமான நிலையங்களின் பாதுகாப்பு படிப்படியாக மத்திய தொழில் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னர் அதுபோன்ற கடத்தல் நிகழவில்லை. நுழைவு வழிகள் குறைவாகவும், சோதனையிடுவோர் பயிற்சி பெற்றவர்களாகவும் இருக்கும் இடத்தில் பலன் உண்டு. அங்கும் சடங்குகள் இல்லாமல் இல்லை. கைப்பையில் கட்டிய அட்டைக்கு முத்திரை குத்தும் வழக்கத்தை, தில்லி உள்ளிட்ட சில பெரிய விமான நிலையங்கள் 2017-ல் கைவிட்டன. பயணிகளுக்கு வரிசை ஒன்று குறைந்ததே தவிர, வானில் ஆபத்து ஒன்றும் கூடிவிடவில்லை.

விமான நிலையத்தின் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்து வந்து சந்தையிலும் சாலையிலும் நிறுத்தும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. 2011 செப்டம்பர் 7-ம் தேதி தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்ததை நினைவுகூரலாம். அனுமதிச் சீட்டு பெறுவதற்காக 5-ம் எண் வாயிலருகே மக்கள் வரிசையில் நின்றிருந்தனர். குண்டு வெடித்தது அங்கேதான். பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீதிமன்றத்துக்குள் நுழையக் கொலையாளிக்கு அவசியமே ஏற்படவில்லை. உள்ளே இருப்பவர்களைக் காக்க ஏற்படுத்தப்பட்ட வரிசை, வெளியே நின்றவர்களை இலக்காக்கியது. இறந்தவர்களில் பலர் வழக்குக்காக வந்த எளிய மக்கள். அதே நீதிமன்றத்துக்கு வெளியே அவ்வாண்டு மே மாதத்தில் சிறிய குண்டு ஒன்று வெடித்திருந்தும் எச்சரிக்கை பிறக்கவில்லை என்பதுதான் வேதனை.

நாட்டிலேயே பலத்த காவல் கொண்ட நாடாளுமன்ற வளாகத்தின் அனுபவமும் வேறல்ல. 2001 டிசம்பர் 13-ல் பயங்கரவாதிகளின் கார் உள்ளே நுழைய உதவியது, கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்த உள்துறை அமைச்சகத்தின் போலி ஸ்டிக்கரும் மேலே சுழன்ற சிவப்பு விளக்கும். சாமானியரின் சாப்பாட்டுப் பையைக் கிளறும் கைகள் சிவப்பு விளக்கைக் கண்டால் சல்யூட் அடித்துவிடுகின்றன! சரியாக 22 ஆண்டுகள் கழித்து, 2023-ல் அதே நாளில், பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் மக்களவைக்குள் குதித்தனர். புகைக் குப்பிகள் அவர்களது காலணிகளில் மறைக்கப்பட்டிருந்தன. பல அடுக்குச் சோதனைகளைக் கடந்தே அவர்கள் வந்திருந்தனர்.

உயிர்களைக் காத்தவை எவை? 2005 அக்டோபர் 29-ல் தில்லியில் தொடர் குண்டுவெடிப்புகள் நடந்தபோது, கோவிந்தபுரியில் பேருந்து ஒன்றில் கேட்பாரற்றுக் கிடந்த பை கவனத்துக்கு வந்தது. ஓட்டுநரும் நடத்துநரும் பயணிகளை இறக்கிவிட்டனர். பையை அப்புறப்படுத்த முயன்ற ஓட்டுநர் பார்வையை இழந்தார், பயணிகள் பிழைத்தனர். 2008 நவம்பர் 26-ல் மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் 50-க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்ட இரவில், ஒலிபெருக்கியில் பயணிகளை எச்சரித்துத் திசைதிருப்பிய அறிவிப்பாளர் பலரைக் காப்பாற்றினார். அங்கே போலீஸார் பலரிடம் இருந்தவை லத்தியும் பழைய ரைபிள்களும்தான்.

2025-ல் ஸ்ரீநகரை அடுத்த நவ்காமில் ஒட்டப்பட்ட சுவரொட்டிகளை அலட்சியம் செய்யாமல், கேமரா பதிவுகளைக் கொண்டு போலீஸார் தொடர்ந்த விசாரணை, ஃபரீதாபாதில் ஏராளமான வெடிபொருள்களைக் கைப்பற்றுவதில் முடிந்தது. ஆனாலும் நவம்பர் 10-ம் தேதி மாலை செங்கோட்டை மெட்ரோ நிலையம் அருகே சாலையில் கார் ஒன்று வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலையத்துக்குள் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே இயந்திரத்தால் அதைத் தடுத்திருக்க இயலாது. அதைத் தடுக்கும் வாய்ப்பு விசாரணைக்கு மட்டுமே இருந்தது.

தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-ல் நிறைவேற்றப்பட்டது. காவலர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்கிறது அச்சட்டம். வணிக வளாக வாயிலில் நாள் முழுதும் நிற்கும் காவலர், டிக்கியில் சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் யாரை அழைக்க வேண்டும், கூட்டத்தை எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று அறிந்திருக்கிறாரா? குண்டு வெடித்தால் முதலில் பலியாகப் போகிறவரும் அவரே. புதிய இயந்திரங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், உரிமம் வழங்கும் அதிகாரிகள் வாயில் வாயிலாகச் சென்று இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதில்களை வெளியிடட்டும்.