வரிக்கு மனைவி, உரிமைக்கு அந்நியளா?

கணவன் மனைவியென ஒருவரையொருவர் ஏற்று, ஊரறிய ஒரே இல்லத்தில் வாழ்வோரை, பதிவுத் தாள் இல்லையென்ற ஒரே காரணத்தால் மணமற்றோரெனத் தள்ளுதல் நீதியாகாது. இவ்வுண்மை நம் நாட்டிற்குப் புதிதன்று. ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தமை நிரூபிக்கப்படின், அதற்கு மாறான தெளிந்த சான்று இல்லாதவிடத்து, அவர்கள் முறைப்படி மணந்தோரென்றே சட்டம் கொள்ளுமென, இலங்கையிலிருந்து சென்ற மேன்முறையீட்டில் கோமறைக் கழகம் 1881ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது.

இதே கொள்கை அமெரிக்காவில் வருமான வரியோடு பிணைந்து நிற்கின்றது. கொலறாடோ, ரெக்சாஸ், அயோவா, மொன்ரானா முதலிய சில மாநிலங்கள் சடங்கும் பதிவும் இல்லாத மணத்தை இன்றும் ஏற்கின்றன. பென்சில்வேனியாவோ 2005 சனவரி 1க்குப் பின் ஏற்பட்ட இத்தகைய மணங்களை ஏற்பதில்லை. ஏழாண்டு சேர்ந்து வாழ்ந்தால் மணம் தானே உண்டாகுமென்பது வெறும் கட்டுக்கதை. இருவரது உடன்பாடும், கூடி வாழ்தலும், உலகோர்முன் தம்பதிகளாக நடத்தலுமே அம்மணத்தின் அடிப்படை.

இவ்வாறு மணந்தோர், அம்மணத்தை ஏற்காத மாநிலத்திற் குடியேறினும் தம்பதிகளே என்று அந்நாட்டு இறைவரித் திணைக்களம் 1958இல் விதித்தது. ஆண்டின் இறுதி நாளன்று மணமானவர், தமக்கு இலாபமென்று கருதி, மணமாகாதவரென வரி விவரம் எழுதுதல் ஆகாது. கூட்டு விவரத்தில் ஒப்பமிட்டாலோ, ஒரு காசும் உழைக்காத மனைவியும் முழு வரிக்கும் பொறுப்பாளியாகின்றாள். கணவன் மறைத்த வருமானத்தை அறியாதவளுக்கு நிவாரணம் உண்டு. ஆயினும் அதனை அவளே விண்ணப்பித்துப் பெறல் வேண்டும்.

பொறுப்பைச் சுமத்துவதை நாம் குறை கூறவில்லை. உரிமை கோருவோர் கடமையையும் ஏற்றல் வேண்டும். எமது வினா வேறு. வரி விவரத்தில் அவளை மனைவியென ஏற்க, உண்மை கூறுவதாக உறுதியளித்து இட்ட ஒப்பம் போதுமாகின்றது. கணவன் இறந்தபின் அதே பெண் சமூகப் பாதுகாப்பு உதவிப்பணம் கோரினால், இறந்தவரின் இரத்த உறவினர் இருவரது வாக்குமூலத்தை அரசு முதற்கண் கேட்கின்றது. சொத்துக்காக அவளோடு பிணங்கி நிற்கும் உறவினரிடமே அவள் கையேந்த வேண்டுமா? வேறு சான்றும் காட்டலாமென்பது மெய்யே. ஆனால் தேடித் திரட்டும் பாரம் விதவையின் தலைமேலன்றோ விழுகின்றது?

ஆண்டுதோறும் அரசு பெற்றுக்கொண்ட கூட்டு விவரங்களே அவளுக்கு முதற் சான்றாதல் வேண்டும். வரி வாங்கும்போது மனைவியென்றவளை, உதவி கேட்கும்போது யாரென்று வினவுதல் அரசுக்கு அழகன்று. கொள்ளும் கைக்கு ஒரு நீதி, கொடுக்கும் கைக்கு ஒரு நீதியென்பதை எந்நாட்டு அரசு செய்யினும் நாம் ஒப்போம்.