‘தொழில்: கூலி’ என்று எழுதினால் போதுமா?

எங்கள் அப்பாவின் கையைப் பார்த்தே அந்த வாரம் எந்த நிறச் சேலைக்கு நூல் போகிறது என்று சொல்லிவிடலாம். அரக்குச் சிவப்பு நகக்கண்ணில் ஏறினால் பத்து நாளைக்கு இறங்காது. பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சாயப்பட்டறை இருந்தது. ஆறேழு பேருக்கு வேலை. நூல் சிட்டத்தைக் கம்பில் கோத்து நாப்தால் கரைசலில் முக்கிப் பிழிவார்கள். பிறகு ‘பேஸ்’ கரைத்த தொட்டியில் இறக்குவார்கள். இறக்கிய நொடியில் வெளிறிய நூல் ரத்தச் சிவப்பாகிவிடும். சின்ன வயதில் எனக்கு அது மாயவித்தை. பொடி அள்ளுவது கையால், நூலைப் புரட்டுவது கையால், பதம் பார்ப்பதும் கையால்தான். கையுறையை அங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. முதலாளியும் அதே தொட்டியில்தான் கை விட்டார்.

2003-இல் அப்பாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. “சாயம்தான் இறங்குது தாயி, ரெண்டு நாள்ல சரியாப் போகும்” என்றார். நாற்பது வருஷம் சாயத்தில் நின்றவருக்கு அப்படித்தானே தோன்றும்? அந்த நம்பிக்கையிலேயே எட்டு மாதம் போய்விட்டது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப்பைப் புற்று என்றார்கள். “பீடி குடிப்பீங்களா?” என்று டாக்டர் கேட்டார். அப்பா தலையாட்டினார். கேஸ் ஷீட்டில் பீடி ஏறியது. ‘தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதினார்கள். என்ன கூலி என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திப் பிழைத்தவள் நான். பீடியும் இந்தப் புற்றைத் தரும் என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதரின் உடம்பில் வந்த கட்டியைப் பார்த்து, இது பீடியால் வந்தது, இது சாயத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். என் வருத்தம் ‘என்ன கூலி?’ என்று கேட்காததில்தான். சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-லேயே சொல்லிவிட்டார்.

பட்டறைக்காரர்கள் ‘பேஸ்’ என்று சொல்லும் பொருள்கள் அரோமாட்டிக் அமீன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் சில புற்றுக்குக் காரணமானவை. தோல் வழியாகவே ஊறி ரத்தத்தில் கலக்கும். கல்லீரல் அவற்றை மாற்றி வெளியே தள்ளப் பார்க்கும். அந்த வேலையில் உண்டாகும் சில பொருள்கள் முதலில் வந்ததைவிடப் பொல்லாதவை. அவை சிறுநீர்ப்பையில் வந்து தேங்கி, அங்குள்ள செல்களின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். பாவில் இழை அறுந்தால் நெசவுக்காரர் தறியை நிறுத்திப் பிணைப்பார். உடம்பும் அறுந்ததை ஓயாமல் பிணைத்துக்கொண்டுதான் இருக்கிறது. சேதம் கண்டால் செல்லும் தறியை நிறுத்திப் பார்க்கும். ஆனாலும் சில இழைகள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். பிணைப்பு தப்பினால் அந்தத் தப்போடே செல் பெருகக்கூடும். எங்கள் வறண்ட காட்டில் குடிக்கிற தண்ணீரையே அளந்துதான் குடிப்போம். பட்டறையில் கழிப்பறை கிடையாது என்பதால் பெண்கள் பொழுதுசாயும்வரை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். சிறுநீர்ப்பையில் விஷம் அடர்ந்து, அதிக நேரம் தங்குவதற்கு வேறென்ன வேண்டும்?

நோய் வருவதற்கு வெகு முன்பே இந்தச் சேதத்தைப் பார்க்க வழி உண்டு. கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவுவார்கள். நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், உட்கருவுக்குப் பக்கத்தில் சிறு புள்ளி தெரியலாம். உடைந்த குரோமோசோம் துண்டு தனித்து நின்று நுண்கருவானது அது. சாயம் செய்த கேட்டைச் சாயம் போட்டே பார்க்கலாம். இந்த ஆராய்ச்சிக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. வட ஆர்க்காட்டுத் தோல் பதனிடும் தொழிலாளர்களிடம் குரோமியம் செய்த குரோமோசோம் மாற்றங்களைக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

1984-இல் விஷவாயுவால் ஒரே இரவில் ஊரே மூச்சடைத்த போபாலிலும் குரோமோசோம் உடைவுகளைப் பதிவு செய்தார்கள். ஆனாலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் நீண்டகால ஆய்வை 1994-இல் முடித்துக்கொண்டது. உலகமே பார்த்த விபத்தின் ஆய்வையே பத்து வருஷத்தில் முடித்துக்கொண்டார்கள் என்றால், சத்தமில்லாமல் தினம் கொஞ்சமாக நடந்ததை யார் கவனிப்பார்கள்?

“தடை செய்த சாயத்தை இப்போது யார் தொடுகிறார்கள்?” என்று கேட்பார்கள். புற்று தரும் அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை கொண்டுவந்தது 1994-இல். 42 பென்சிடின் சாயங்களுக்கும் 70 அசோ சாயங்களுக்கும் நம் அரசு தடை போட்டது 1990-களில். ஜெர்மனிக்காரர்களின் கவலை உடுத்துகிறவர் தோலைப் பற்றியது. அதற்கு முன்பே நனைந்துவிட்ட கைகளின் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் புற்று இருபது, முப்பது வருஷம் காத்திருந்து வரும். அன்று தொட்டியில் நின்றவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறையைத் தொழிற்சாலைச் சட்டம் எட்டிப் பார்த்ததில்லை. பட்டறையை மூடிவிட்டால் வேலை பார்த்ததற்கு அத்தாட்சியும் போய்விடும். எங்கள் தெருப் பட்டறை நின்ற இடத்தில் இன்று பைக் நிறுத்துகிறார்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதோடு, சாயத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சிறுநீரில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பட்டைச் சோதனையையும் சேர்க்கலாம். இன்று வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நுண்கரு சோதனை வேண்டும். பொடி மூட்டையில் ரசாயனப் பெயரைத் தமிழில் அச்சிட வேண்டும். சோதனை முடிவு மட்டும் அவரவர் கைக்குத்தான் போக வேண்டும். நுண்கரு தெரிந்தவருக்கெல்லாம் புற்று வராது. உடம்புச் செல்லில் விழுந்த தப்பு பிள்ளைக்குப் போவதும் இல்லை. ஆனால் “சாயக்கார வீட்டுப் பொண்ணா?” என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் எழுந்து போக அரைகுறைப் பேச்சே போதும்.

போன மாதம், அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் பிள்ளை ‘கூலி’ என்று எழுதத் தொடங்கியது. “சாயத்தொட்டியில இருபத்தெட்டு வருஷம்னு எழுதும்மா” என்றேன். கட்டத்தில் இடம் போதவில்லை. சீட்டைத் திருப்பி ஓரத்தில் எழுதிக் கொடுத்தது. பெரியவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.